பச்சை பஸ்காரர்

அந்தப் பச்சை பஸ்ஸின் கதவு "புஸ்" என்று திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குளிர் இறங்கி வந்து என் முழங்கால்களைத் தொடும். சித்திரை மாதத்துப் புஜைராவில், காலை ஏழு மணிக்கே செருப்பையும் தாண்டிச் சுடுகிற மணலில் நின்ற எனக்கு அது அவ்வளவு சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தாலேயே அந்த பஸ்ஸில் வருகிறவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் பொங்கும். எதிரியின் ஏசிக் காற்றை வாங்கிக்கொண்டே எதிரியைத் திட்டுவது எவ்வளவு சிரமமான வேலை என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது.

நாங்கள் அமீரகத்துக்குப் பிழைக்க வந்த யாழ்ப்பாணத்தார். அப்பா புஜைராத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் ஸ்டோர்கீப்பர். ஒவ்வொரு வருடப் பிறப்பை ஒட்டியும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்கு முன்னரே முடிந்துவிடும்படி, மலையடியில் கிடந்த வெறுந்தரையில் இலங்கைக்காரர்கள் கூடி எல்லே ஆடுவார்கள். மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, நான்கு கம்பங்களைச் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஓடும்போது பந்து உடம்பில் பட்டால் ஆள் வெளியே. இதில் விசேஷம் என்னவென்றால், பந்தை எறிபவர் எதிரணிக்காரர் அல்லர். அடிப்பவருடைய சொந்த அணியில் ஒருவர்தான் அவருக்கு வாகான உயரத்தில் எறிந்து கொடுப்பார், மூன்று எறிக்குள் அடித்தாக வேண்டும். எறிகிறவர் சொதப்பினால் எப்பேர்ப்பட்ட சூரனும் தடியைக் காற்றில் வீசிவிட்டுப் போகவேண்டியதுதான். எங்கள் அணிக்கு எறிபவர் அப்பா.

எங்கள் அணி என்றால் மீன் லொறி ஓட்டுபவர், சலூன்காரர், எண்ணெய்த் தாங்கிகளில் வெல்டிங் வேலை செய்பவர்கள் என்று கிடைத்தவர்களைச் சேர்த்த அணி. மலையகத்தில் ஹற்றன் பக்கத்துச் சிவா மாமா, ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையற்காரர், எங்கள் கப்டன். இருந்தது ஒரே ஒரு நல்ல தடி. அதுவும் யாரோ லீவில் போய் வரும்போது படுக்கை விரிப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. எதிரணியோ துபாயில் பெரிய கட்டட வேலைகள் செய்யும் ஒரு கொம்பனியின் அணி. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பெட்டி நிறையத் தடிகள், ஐஸ் பெட்டிக்குள் ஜூஸ். நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "பச்சை பஸ்காரர்". அவர்கள் பணக்காரராக இருந்தது கூடப் பரவாயில்லை, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. எங்களில் எவனாவது இரண்டு அடி நன்றாக அடித்துவிட்டால் போதும், கறுப்புக் கண்ணாடி போட்ட அவர்களுடைய மனேஜர் வந்து தோளில் கை போடுவார். அடுத்த வருடம் அவன் "எலெக்ட்ரீஷியன்" என்று விசா குத்திக்கொண்டு பச்சைச் சட்டையில் இறங்குவான். சுவிட்சைத் தொடப் பயப்படும் எலெக்ட்ரீஷியன்கள் மூன்று பேரை எனக்கே தெரியும்!

அவர்கள் நீட்டிய ஜூஸை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அலுமாரிக்குள் அம்மா வைத்திருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, "பஸ்ஸின் டயர் வெடிக்கவேணும், ஆக்களுக்கு ஒண்டும் ஆகக்கூடாது, டயர் மட்டும்" என்று நேர்மையாகக் கேட்டும் பார்த்தேன். அப்பாவுக்கு என்னைவிட எரிச்சல். "உவங்களுக்குப் பந்து எறியிறதிலும் பார்க்க நான் கையை முறிச்சுப்போட்டு வீட்டில கிடப்பன்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லி முடியாது.

நான் சொல்ல வருகிற அந்த வருடம் கடைக்காரக் கஃபீல், அப்பாவின் விசாவுக்குப் பொறுப்பான அரபிக் கிழவர், கடையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். "கலாஸ்", முடிந்தது, என்றாராம், அவ்வளவுதான். அப்பாவின் விசா போனால் அம்மாவின் விசாவும் என் விசாவும் அதோடு போகும். சண்டையால் ஊருக்கான தரைப்பாதை அப்போது பூட்டிக் கிடந்தது; சித்தி தொலைபேசியில் சீனிக்கு வரிசையில் நின்ற கதை சொல்வாள், செல் குண்டு விழுந்த கதையை எனக்குக் கேட்காதபடி அம்மாவிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும். வேறு வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் அங்கேதான் போகவேண்டும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அப்பா ஒரு மாதமாகத் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அலைந்தார். கேட்டால் "பார்ப்பம், பிள்ளை" என்பார்.

ஆட்டத்தன்று நான் எழும்பும்போது அப்பா வீட்டில் இல்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே தலை பின்னிவிட்டாள். நானோ எங்கள் அணி அந்த முறை வெல்லப்போகிறது என்ற புளுகத்தில் துள்ளிக்கொண்டிருந்தேன். சிவா மாமாவின் ஆட்கள் மாதக்கணக்காகப் பழகியிருந்தார்கள்.

பச்சை பஸ் வந்தது. கதவு திறந்தது. வழக்கம்போல நான் குளிருக்குக் கிட்டப் போய் நின்றேன். ஐந்தாறு பேர் இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் அப்பா இறங்கினார். பச்சைச் சட்டை. அளவு பெரிது, தோள் தொங்கியது. முதலில் நான் சிரித்துவிட்டேன், ஏதோ பகிடி என்று. அவர் என்னைக் கடந்து போனார். பார்க்கவே இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம், "அம்மா, அப்பாவைப் பாருங்கோ, அப்பா உவங்கட சட்டையை..." என்று முடிக்க முடியாமல் நின்றேன். அம்மா என் கையை நோகும்படி பிடித்தாள். "வாயை மூடிக்கொண்டு நில்லு. விசா குடுத்திருக்கினம்" என்றாள்.

எங்கள் அணிக்காரர்கள் கொதிப்பார்கள் என்று பார்த்தால், யாரும் கொதிக்கவில்லை! சிவா மாமா என் பக்கம் குனிந்து கண்ணடித்தார். "மூஞ்ச தொங்கப் போடாத பாப்பா. அண்ணே வேணும்னே தப்பா எறிவாரு. இன்னிக்கி பச்சைக்காரனுங்க கம்பு காத்துலதான் சுத்தும், பாத்துக்கிட்டே இரு" என்றார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்பா உளவாளியாகப் போயிருக்கிறார் என்று நினைத்து எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பச்சைக்காரர் முதலில் அடிக்க வந்தார்கள். அப்பா பந்தைக் கையில் எடுத்தார். மனேஜர் வந்து அவர் தோளில் கை போட்டு என்னவோ சொன்னார், அதற்கு அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை, பல்லெல்லாம் தெரிய, தலையை ஆட்டி ஆட்டி. எனக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் கையை உதறிவிட்டுக் கோடு வரைக்கும் ஓடி, "அது என்ர அப்பா இல்லை! எனக்கு அப்பா இல்லை!" என்று கத்தினேன். சிங்களம் மட்டும் தெரிந்தவர்களுக்கும் அது விளங்கியிருக்கும். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எறிந்தார்.

தடிக்காரனின் நெஞ்சுயரத்துக்கு, கையில் வைத்துக் கொடுத்ததுபோல் வந்தது பந்து. மலைப்பக்கமாகப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அன்றைக்கு அவர் ஒரு பந்தைக்கூடப் பிழையாக எறியவில்லை. எங்கள் ஆட்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது; சிவா மாமா இடுப்பில் கை வைத்தபடி வாய் திறந்து நின்றதை நான் கண்டேன். நாங்கள் படு தோல்வி தோற்றோம். முடிந்ததும் அப்பா கை நீட்டிக்கொண்டு சிவா மாமாவிடம் போனார். சிவா மாமா அந்தக் கையைப் பார்த்தார், தடியை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறிவிட்டார்.

எங்களுக்குப் புது விசா குத்தப்பட்டது. நாங்கள் துபாய்க்கு வந்து சத்வாவில் ஓர் அறையில் இருந்தோம், நான் பள்ளிக்கூடம் போனேன், பத்திரமாக வளர்ந்தேன். அப்பாவோடு பேசினேன், சாப்பிட்டேன், ஆனாலும் உள்ளுக்குள் அவரை ஒரு படி கீழேதான் வைத்திருந்தேன்.

இப்போது நான் சார்ஜாவில் ஒரு பள்ளியில் படிப்பிக்கிறேன். அந்த வெறுந்தரையில் தரை ஓடுகள் விற்கும் கடையும் கார்கள் நிறுத்தும் இடமும் வந்துவிட்டன. பச்சைக் கொம்பனி, கட்டட வேலைகள் ஒரேயடியாய் நின்ற காலத்தில் காணாமல் போனது. பிள்ளைகளிடம் எல்லே என்றால் "வாட்?" என்கிறார்கள். போன சித்திரையில் அப்பா என்னிடம் வந்து தங்கியிருந்தபோது, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், "ஒரு பந்தையாவது பிழையா எறிஞ்சிருக்கலாம்தானே, அப்பா?"

அவர் கத்தியை வைக்கவில்லை. "எறியத்தான் போனனான். முதல் நாளே சிவாவுக்குச் சொல்லிப்போட்டன், எல்லாப் பந்தும் பிழையாத்தான் வரும் எண்டு. விசா போனாப் போகட்டும் எண்டுதான் பந்தைக் கையில எடுத்தனான். நீ கத்தினாய். திரும்பிப் பார்த்தன், குட்டியா நிண்டுகொண்டு கத்துறாய். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் செல்லடிக்குள்ள விடுறதோ எண்டு நினைச்சன். பிறகு பிழையா எறிய வரேல்லை."

இத்தனை வருடமும் அவர் எங்களை விற்றுவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் வாக்குத் தவறியது ஒரே ஒரு ஆளிடம், அதுவும் என்னுடைய வாயால். சிவா மாமாவுக்கு இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அந்த வருடமே சிவா மாமா விசாவை முடித்துக்கொண்டு போய்விட்டாராம். எங்கே இருக்கிறார் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.