செம்பூரில் பதின்மூன்று நிமிடம்

ஒரு பிரசவத்துக்கு நான் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன்.

இருபது ஆண்டுகளாகப் பிரசவம் பார்க்கிற ஒரு மருத்துவர் எழுதுகிற வாக்கியம் இது. அன்று சாலையில் நெரிசல் இல்லை. கார் பழுதாகவில்லை. நான் தூங்கிப்போகவும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில், செம்பூரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்று கேட்கிறீர்களா? வீட்டுக்காக. மும்பையில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே மாட்டுங்காவில் குடியிருப்பதா, பாலம் தாண்டி நவி மும்பையில் சான்பாடாவில் குடியிருப்பதா என்று எனக்கும் என் கணவருக்கும் நடந்த போட்டியில் ஜெயிப்பதற்காக!

ஜெயித்தேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நொந்து நூலாகிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் இதைப் படிக்க வேண்டாம். ஒன்பது ஆண்டுகளாக மாட்டுங்காவில் ராணி மாதிரி இருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டே அறைகள். சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் கூடத்தில்தான் நிற்க வேண்டும். ஆனால் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தால் ஆறாவது நிமிடம் நான் பிரசவ அறை வாசலில் நிற்பேன். செருப்பை மாட்டுவதும் அந்த ஆறில் அடக்கம்.

அந்த ஆறு நிமிடத்தின் அருமை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குழந்தை பிறந்த பின்பு ரத்தப்போக்கு நிற்காமல் முகம் வெளுத்துக்கொண்டே போன ஒரு பெண்ணை இந்தக் கைகளால் பிடித்து இழுத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். நகருக்கு வெளியே குடியிருந்திருந்தால் அவளுடைய கணவனிடம் வேறு செய்தியைத்தான் சொல்லியிருப்பேன். அப்படி எத்தனையோ பேர். மருத்துவமனையில் எனக்கு 'ஓடி வர்ற டாக்டர்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

கதைக்கு வருகிறேன்.

என் கணவர் வெங்கட்டும் மருத்துவர்தான். ஸ்கேன், எக்ஸ்ரே படித்துச் சொல்கிறவர். கல்லூரியில் என்னோடு படித்தவர், அதனால் எங்களுக்குள் 'நீ, வா, போ'தான். மாட்டுங்காவில், ஒரே அறையில் ஐந்து பேராக வளர்ந்தவர். பரீட்சைக்குப் படிக்க அவருக்குக் கிடைத்த இடம் மாடிப்படி. அவருடைய ஒரே கனவு இடம். கை கால் நீட்டிக்கொள்ள இடம், மகனுக்கு ஒரு தனி அறை, காற்று வரும் ஒரு பால்கனி. அவருக்கு வேலை நவி மும்பையில். சான்பாடாவில் வீடு பார்த்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வோர் அறையாகப் போய்க் கையை இரண்டு பக்கமும் விரித்து நின்று பார்த்தார்.

நானோ தாராவிக்காரி. திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பாவுக்குக் குர்லாவில் பட்டறை வேலை. நாங்கள் குடியிருந்த அறையைவிட அந்த சான்பாடா வீட்டின் பால்கனி பெரிது. அப்படியென்றால் எனக்கல்லவா அந்த வீடு பிடித்திருக்க வேண்டும்?

பிடிக்கவில்லை... பதினோராவது மாடியில் நான் வெறும் 'மேடம்'. லிஃப்டில் எல்லோரும் தலையசைத்துவிட்டு அவரவர் கைபேசியைப் பார்ப்பார்கள். மருத்துவமனை இருக்கும் மாட்டுங்காப் பக்கம் நான் தெருவில் இறங்கினால் நாலு பேராவது 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். காய்கறிக்காரி தன் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனதைத் தக்காளியை நிறுத்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அது வேண்டியிருந்தது. சோறு தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது.

இதை வெங்கட்டிடம் சொன்னேனா? சொல்லவில்லை. 'நோயாளிகளின் பாதுகாப்பு' என்று சொன்னேன். அவசரத்துக்குக் கூப்பிட்டால் சான்பாடாவிலிருந்து எப்போது வந்து சேர்வது என்று பெரிய நியாயம் பேசினேன்.

அவர் நிழற்படங்களை வைத்து முடிவு சொல்லிப் பழகியவர். நியாயத்துக்கு நிரூபணம் கேட்டார்.

"கோமதி, நீ சொல்றதும் சரியா இருக்கலாம், நான் சொல்றதும் சரியா இருக்கலாம். மூணு மாசம் அங்க வாடகைக்கு இருந்து பாத்துடுவோமே. கால் வந்தா, ஃபோன் எடுத்ததுலேர்ந்து லேபர் ரூம் வாசல் வரைக்கும் டைம் பாரு. நாப்பது நிமிஷம். பாதி தடவைக்கு மேல நாப்பதைத் தாண்டித்துன்னா நான் வாயைத் திறக்காம மாட்டுங்காவுக்கே வந்துடறேன்."

"தாண்டலேன்னா?"

"தாண்டலேன்னா அந்த வீட்டையே வாங்கிடறோம். நீ பால்கனில செடி வைக்கறே."

இப்படி ஒரு பந்தயம் மருத்துவர்கள் வீட்டில்தான் நடக்கும். மற்றவர்கள் வீடு வாங்கும்போது கிழக்குப் பார்த்த வாசலா என்று பார்ப்பார்கள். நாங்கள் வாஷி பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம்.

சமையலறையில் தொங்கிய காலண்டரில் அவர் குறித்துக்கொண்டே வந்தார். தாமதம் என்றால் சிவப்பு, சரியான நேரம் என்றால் நீலம். நான் சொல்வதை அப்படியே குறிப்பார். ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. மூன்று மாதத்தின் கடைசி ஞாயிறு வரை பத்து அழைப்புகள் வந்திருந்தன. ஐந்து சிவப்பு. ஐந்து நீலம்.

அன்று மத்தியானம் மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. முதல் பிரசவம், இசக்கி என்று ஒரு தாராவிப் பெண், வலி நன்றாக எடுத்துவிட்டது, குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் சொன்னாள். வெங்கட் கார் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஃபைனல் மேட்ச்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்... பாலம் காலியாகக் கிடந்தது. மான்குர்டில் எப்போதும் வழியை அடைத்து நிற்கும் லாரிகள் ஒன்றுகூட இல்லை. எல்லா சிக்னலும் பச்சை. மூன்று முப்பத்துநான்குக்கு நான் செம்பூரில் இருந்தேன். அங்கிருந்து மருத்துவமனைக்குப் பதினோரு நிமிடம். மொத்தம் முப்பத்தைந்து. நீலம்.

சான்பாடா ஜெயிக்கப்போகிறது என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. மறுநாள் வீட்டுக்காரர் பதில் கேட்டு வருவார். பதினோராவது மாடி, பால்கனிச் செடி, தலையசைக்கிற லிஃப்ட்... எல்லாம் ஆயுளுக்கும்.

என் கை தானாக வண்டியை ஓரம் கட்டியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். நான்தான் கட்டினேன். யோசித்துக் கட்டினேன். முதல் பிரசவம், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், துடிப்பு சரியாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது என்று ஒரு மருத்துவராகக் கணித்துத்தான் இறங்கினேன். என் படிப்பு முழுவதையும் அந்தக் கணிப்புக்குத்தான் செலவழித்தேன்.

டபரா டம்ளரில் காபி வந்தது. நன்றாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.

மூன்று நாற்பத்தேழுக்குத் தொலைபேசி. அந்த இளம் மருத்துவர்தான். "மேம், ஹார்ட் ரேட் இறங்குது. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன். டிராபிக்" என்றேன்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நிற்காமல் போயிருந்தால் நான் மூன்று நாற்பத்தைந்துக்கு அந்த அறைக்குள் இருந்திருப்பேன். துடிப்பு இறங்கும்போது என் கை அவள் வயிற்றின்மேல் இருந்திருக்கும். நான் உள்ளே நுழைந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு.

அதன்பின் நான் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இசக்கி என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா வந்துட்டியளா, இனி பயமில்ல" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி, நான் சொல்லும்போது முக்கு" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கருவியைப் பொருத்தி எடுத்தேன். பெண் குழந்தை. நீலம் பாரித்து, அழாமல், துணிச்சுருள் மாதிரி என் கையில் கிடந்தது.

ஒரு நிமிடத்துக்குமேல் அழவில்லை... பிறகு அழுதது!

அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் பால் குடித்தது. வீட்டுக்கு அனுப்பினோம்.

அன்று மாலை வெங்கட் காலண்டர் முன் பேனாவோடு நின்றார். "நாப்பத்தெட்டு" என்றேன். அவர் சிவப்பை எடுத்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மகனின் சைக்கிளை அந்தக் கட்டடத்திலேயே வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். வெங்கட் ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார். விருந்தாளிகள் வந்தால், "நாங்க சண்டையே போடலை, டேட்டாதான் முடிவு பண்ணித்து" என்று பெருமையாகச் சொல்வார். நிழலைப் பார்த்து நோயைச் சொல்கிற மனிதருக்கு என் முகத்தில் அந்தப் பதின்மூன்று நிமிடத்தைப் படிக்கத் தெரியவில்லை.

போன ஆண்டு, மகன் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் புத்தகங்களை விரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "உனக்கு அந்த வீடு பிடிக்கலேன்னு அப்பவே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா போதும், டைமெல்லாம் பாத்திருக்கவே வேண்டாம்."

ஒரு வார்த்தை! எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. எனக்காக ஒன்று வேண்டும் என்று கேட்பது கேவலமாகவும், நோயாளிக்காக என்று கேட்பது உயர்வாகவும் தோன்றியது. அந்த உயர்வைக் காப்பாற்றிக்கொள்ள அதே நோயாளியைத்தான் காக்க வைத்தேன்.

என்றாலும் நான் ஜெயித்தவள்தான். என்னைக் கேட்டால், இன்றைக்கும் எந்த மருத்துவக் குடும்பத்துக்கும் இதையே சொல்வேன். அவசரத்துக்கு ஓடுகிறவள் வீட்டில் இருந்தால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருங்கள். அறை சின்னதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது. ஓட்டை இருப்பது அதை ஜெயிக்க வைத்தவளிடம்.

இசக்கி ஒவ்வோர் ஆண்டும் மகளின் பிறந்தநாளன்று அவளை என்னிடம் அழைத்து வருகிறாள். பெயர் முத்துச்செல்வி. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து நான் ஒவ்வோர் ஆண்டும் ரேங்க் கார்டைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

"எந்த டாக்டரு இப்பிடி வருசா வருசம் மார்க்கு கேப்பாவ? சொந்த பிள்ள மாதிரில்லா பாக்கிய" என்று இசக்கி பூரித்துப்போகிறாள்.

அழாமல் கிடந்த அந்த நிமிடம் குழந்தையிடம் எதை விட்டுப்போனது என்று நான் தேடுவது அவளுக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. 'அவ அப்பாவும் இப்பிடித்தானாம்' என்றாள் இசக்கி. இருக்கலாம். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள், ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்குகிறாள். கணக்கு மட்டும் வரவில்லை. கணக்கு எத்தனையோ குழந்தைகளுக்கு வருவதில்லை... எனக்கே வராது. ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிடுகிறது.

போன மாதம் வந்தார்கள். செல்வி நான்காவது படிக்கிறாள். தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பள்ளியில் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். என்னைப் பற்றி எழுதப் போகிறாளாம். நோட்டை என் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நான் பொறக்குறப்ப நீங்க சான்பாடாலருந்து வந்தீங்களாமே. அவ்ளோ தூரத்துலருந்து."

"ஆமாம்மா."

"கார்ல ஃபுல் ஸ்பீடா?"

"ஆமா."

"நடுவுல எங்கயுமே நிக்கலையா? சச்சீ, நெஜமா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் இசக்கி சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. எங்கள் மூவரையும் தவிர யாருமில்லை. ஒன்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இளம் மருத்துவர் கேட்கவில்லை, வெங்கட் கேட்கவில்லை. கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் கேட்டுவிட்டாள்.

"எங்கயும் நிக்கலம்மா" என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள். நாக்கைக் கொஞ்சம் துருத்திக்கொண்டு, எழுத்துகளை அழுத்தி அழுத்தி, பேனாவால் எழுதினாள். எழுதி முடித்து அந்த வரியின் அடியில் ஒரு கோடும் போட்டாள்.

"நான் சொன்னேம்லா" என்றாள் இசக்கி.

அப்போது மேஜைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. மேல்மாடிப் பிரசவ அறையிலிருந்து. எழுந்து ஓடினேன். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தை வெளியே வந்த கணமே வீறிட்டு அழுதது. செவிலியர்கள் சிரித்தார்கள். கூடத்தில் நின்ற ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டான், சரியான நேரத்துக்கு வந்தீங்க டாக்டர் என்றான்.

ஆமாம். இப்போதெல்லாம் நான் எப்போதும் சரியான நேரத்துக்குத்தான் போகிறேன்.