பிய்யாத கூடைகள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஊரே என் மிஷினுக்குள் படுத்து எழுந்திருக்கிறது. ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னை ஜெராக்ஸ் அத்தை என்று யாரும் சொன்னதில்லை. கூடை அத்தை. அவ்வளவுதான். என் சொந்தப் பெயரைக் கேட்டால் சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள்.

ஒயர்க் கூடைதான், வேறொன்றும் பெரிய வித்தை இல்லை. கடை ஆரம்பித்த புதிதில் கரண்ட் போனால் லேசில் வராது. சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்தால் தெருவும் நம்மைப் பார்க்கிறது. பக்கத்து பேன்சி ஸ்டோரில் ஒயர் ரோல் தொங்கியது, வாங்கி வந்து ஆரம்பித்தேன். முதல் கூடை கோணிக்கொண்டு போனது. கைப்பிடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பார்க்கச் சகிக்காது. இருந்தும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அடிப்பாகம் முடிந்து, ஒயரெல்லாம் மேலே திரும்பி, கூடைக்குச் சுவர் எழும்பும் பாருங்கள், அந்த இடம் வந்துவிட்டால் எனக்குச் சோறுகூட வேண்டாம். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு எல்லாம் கைக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து யாராவது ஜெராக்ஸ் எடுக்க வந்தால், எங்கிருந்துதான் கிளம்பி வருகிறார்களோ என்று பற்றிக்கொண்டு வரும்.

பின்னியதையெல்லாம் கொடுத்தேன். கிரகப்பிரவேசமா, கூடை. காது குத்தலா, கூடை. "அய்ய, இன்னா அழகா கீது!" என்று வாங்கித் தூக்கிப் பார்ப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் காய்கறியைக் கடைக்காரன் கொடுக்கிற கேரி பேக்கில்தான் வாங்கி வருவார்.

அந்தப் பித்து எப்போது தெளிந்தது என்று தெரியாது. தெரிந்துகொண்டது மட்டும் நினைவிருக்கிறது. மடியில் பாதிக் கூடை. கடை வாசலில் ஒருவர் போனார். "அண்ணே, ஜெராக்ஸா?" என்று கூப்பிட்டேன். அவர் டீ குடிக்கப் போகிறவர். "இல்லம்மா, டீ" என்று பயந்துகொண்டே சொன்னார். கூடையைக் கீழே வைக்க எந்தச் சாக்கு கிடைத்தாலும் போதும் என்று போகிறவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கை தானாக முடிச்சுப் போடுகிறது. மனசு, இன்னும் எத்தனை வரிசை பாக்கி என்று கொட்டாவி விடுகிறது. அந்தக் கூடையை ஆணியில் மாட்டினேன். எடுக்கவில்லை.

"இன்னா, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றார் வீட்டுக்காரர்.

"கூடை பின்னவே புடிக்கல."

"புடிக்கலன்னா வுட்டுடு. உன்ன யாரு கட்டிப் போட்டுக்கீறாங்க?"

ஆண்களுக்கு எல்லாமே சுலபம். விட்டுவிடலாம்தான். ஆனால் நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போய் நின்றால் நான் யார்? ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற ஏதோ ஒரு அத்தை. இத்தனை பேர் ஆசையாக வாங்கிக்கொண்டார்களே, அவர்களிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது? பயமாக இருந்தது, நிஜமாகவே.

அந்த நேரம் பார்த்து மாகறலிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரே மகளை அதே ஊரில் ஒரு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு.

"அண்ணி, வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் உங்க கூடையில தான் தாம்பூலம் போட்டு குடுக்கணும். பை எல்லார் வூட்லயும் தான் குடுக்கிறாங்க. நீங்க தான் பின்னிக் குடுக்கணும்."

"அதுக்கின்னாம்மா, பின்னிட்டா போச்சு" என்றது என் வாய். போனை வைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு கூடைக்கே வழியில்லை, இதில் ஊருக்கே கூடையாம்.

கலர் கலராக ஒயர் ரோல்களை வாங்கி வந்து முன்னால் பரப்பிவைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. சரி, இது ஆகாது, போனில் சொன்னால் தப்பாகிவிடும், நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒத்திகை. விரல் வலி என்று சொல்லலாமா? கண் தெரியவில்லை என்று சொல்லலாமா? செய்யாறு கண்ணில் பட்டபோதுகூட ஒரு முடிவுக்கு வரவில்லை.

நாத்தனார் வீட்டில் இல்லை. வயலில் நடவு நடக்கிறது, ஆட்களுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தாள். வயிறும் பிள்ளையுமாக அவள் மகள் ஒரு ஸ்டூலில் ஏறப்போய்க்கொண்டிருந்தாள்.

"ஏய், எறங்குடி கீழ! இன்னா பண்ற?"

"பரண் மேல அண்டா கீது அத்த. அம்மா வர்றதுக்குள்ள எறக்கி வெக்கலாம்னு..."

"ஏழு மாச வயித்த வெச்சிக்கினு ஏறுவியா நீ? தள்ளு." நானே ஏறினேன். அண்டாவுக்கு முன்னால் பழைய போர்வையில் கட்டிய பெரிய மூட்டை ஒன்று மறித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து பொலபொலவென்று என் தலைமேல் விழுந்தன, கூடைகள்.

என் கூடைகள். கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த பச்சை மஞ்சள். இந்தப் பெண்ணின் காது குத்தலுக்குக் கொடுத்த சிவப்பு வெள்ளை. ஒரு மார்கழி முழுக்க உட்கார்ந்து பின்னிய சிவன் கண் கூடை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எல்லாம் புத்தம் புதிதாக. ஒன்றிலும் ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை.

"அய்யோ அத்த... அது வந்து... அம்மா பத்திரமா வெச்சிக்கீது" என்றாள் அந்தப் பெண்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் வந்ததே இனிமேல் பின்னமாட்டேன் என்று சொல்லத்தான். அவர்களுக்கும் கூடை வேண்டாம் என்றால் எனக்கு அப்பாடா என்றுதானே இருக்கவேண்டும்? இல்லை. வயிறு எரிந்தது. நான் வேண்டாம் என்று சொல்லலாம். இவர்கள் எப்படிச் சொல்லலாம்?

நாத்தனார் வந்தாள். தரையெல்லாம் கூடை, நடுவில் நான். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி..."

"நீ தான் சொல்லணும் இன்னான்னு. இதையெல்லாம் பரண் மேல போட்டுட்டு, இன்னும் பின்னிக் குடுன்னு எந்த வாயால கேட்ட?"

"அண்ணன் தான் போன் பண்ணிச்சு. உங்க அண்ணி ஒயர தொடவே மாட்றா, ஒரு மாதிரி கீறா, எதுனா கேளு, கேட்டா தெளிஞ்சிடுவான்னு. அதான் கேட்டேன். எனக்கு கூடையா வேணும்? நீங்க நல்லா இருக்கணும்."

அவளுக்காக நான் பின்ன ஒத்துக்கொண்டேன், எனக்காக அவள் கேட்டிருக்கிறாள், நடுவில் என் வீட்டுக்காரர் ஊமைக்கோட்டான்போல உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

"புடிக்கலன்னா அப்பவே வாணாம்னு சொல்லிக்கலாமே" என்றேன்.

"யார் சொன்னா புடிக்கலன்னு?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். "தோ, இது பிஞ்சா தானே அண்ணி அடுத்தத எடுக்கிறது? நீங்க பின்னுனது பிய்யவே மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

சோற்றுத் தூக்கு இருந்த கூடை அது. நிறம் போய்ச் சாம்பலாகியிருந்தது. கைப்பிடியில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. நான் முதன்முதலில் பின்னிய கோணல் கூடை. இவளுக்குத்தான் கொடுத்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது, பொய் சொல்வானேன். அவளும் சிரித்தாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, உள்ள உதைக்குது" என்றாள்.

அப்புறம் ஒத்திகை பார்த்த எதுவும் தேவைப்படவில்லை. "எனக்கு அலுத்துப்போச்சும்மா" என்றேன். "அலுக்காம? எத்தினி வருசமா பின்றீங்க" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. பரணில் இருந்ததையே கழுவி வளைகாப்புக்குக் கொடுப்பதென்று முடிவானது. போதாதே என்று அவள் மற்ற சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தாள். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு பரண் திறந்தது. ராஜகுளத்திலிருந்து என் சின்ன மாமியார் ஒரு கோணி மூட்டையோடு வந்து இறங்கினாள். "எங்க வூட்ல இவ்ளோ தான் இருந்திச்சு" என்று வெட்கப்பட்டாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் எதைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை, அதில் கொஞ்சம் கர்வமும் வந்தது.

வளைகாப்பு அன்று பெண்கள் கூடையும் கையுமாகத் திரிந்தார்கள். மாப்பிள்ளை வழியில் ஒரு பெண் சிவன் கண் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத யாரு பின்னுனது?"

"எங்க அண்ணி தான்" என்றாள் நாத்தனார்.

"எனக்கு நீலக் கலர்ல ஒண்ணு பின்னிக் குடுப்பீங்களா அத்த?"

அதுக்கின்னாம்மா என்பது தொண்டைவரை வந்துவிட்டது. சாதத் தட்டோடு நாத்தனார் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான் பின்றத வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த சொல். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடியா" என்றாள் அவள். "புளி சாதம் இன்னும் கீதா அத்த, தீந்துபோச்சா?"

நானே எழுந்துபோய்ப் போட்டுக் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு மிச்சமிருந்த சாதத்தை எங்களுக்குக் கட்டிக் கொடுத்தாள் நாத்தனார். போட்டுக்கொடுக்கப் பரணில் ஒரு கூடை இல்லை, எல்லாம் போய்விட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தக் கோணல் கூடையை எடுத்து அதில் வைத்துக் கொடுத்தாள். பஸ் வருகிறவரை கைப்பிடியை அவளும் விடவில்லை.

"காலையிலேயே அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பிடுங்க அண்ணி" என்றாள். "வயலுக்குப் போவணும். இது இல்லன்னா எனக்கு கை ஓடாது."