இடம் தெரியாத செவ்வகம்

பிரிஜா என்ன வேலை பார்க்கிறாள் என்று மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய கடற்கரை ஊரில் கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிறாள் என்பார்கள். அது பொய்யும் இல்லை. வானத்திலிருந்து எடுத்த கடல் படங்களில் வள்ளங்களைக் கம்ப்யூட்டர் தானாகவே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் செவ்வகம் போடவேண்டும். அதற்கான நிரலைத் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எழுதினாள். செவ்வகத்துக்கு நாலு எண் போதும். இடது மேல்மூலை எங்கே என்று சொல்ல இரண்டு, அப்புறம் அகலம், உயரம்.

2017 புயலில் அவள் புருஷன் ஆன்றோ போன வள்ளம் திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை. அவள் வேலையை மட்டும் விடவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. மிஞ்சிய சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தப்புச் செய்தாள். கடலில் இருப்பது தெரிந்தும் படத்தில் இடம் பிடிபடாத வள்ளங்களுக்கு முதல் இரண்டு எண்ணிலும் பூஜ்யம் போட்டுவிட்டாள். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நாம் நினைப்போம்! கம்ப்யூட்டருக்கோ அது படத்தின் இடது மேல்மூலை. காணாமல் போனதெல்லாம் அந்த மூலையில் போய்க் குவிந்தது. கம்பெனியில் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாத இடத்தை வெறுமனே விட்டுவிடும்படி நிரலைத் திருத்தினாள்.

2019-இல் கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தும். ஆன்றோவின் அண்ணன் மரியஜான் வந்தார். அவன் துணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடலாம், சர்ச்சில் பங்குச்சாமியும் சம்மதித்துவிட்டார் என்றார்.

"எங்க கெடக்காருன்னே தெரியாது. இங்கதான் கெடக்காருன்னு பொய் சொல்லச் சொல்லுதியளா?" என்று கேட்டாள் பிரிஜா.

மரியஜான் கோபப்படவில்லை. "அவன் அங்க இல்லேன்னு எனக்குத் தெரியாதா மக்கா? அம்மைக்கு ஒரு திரி கொளுத்த எடம் வேணும்லா. போன வருசம் வேற யாரு கல்லறையிலயோ கொளுத்திட்டு வந்தா."

மாமியாரும் தன்னைப் போலவே கிடந்து தவிப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே போய் ஆன்றோவின் சட்டை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். குழிக்கு என்ன அளவு சொல்லட்டும் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நீளத்துக்கு ஆன்றோவின் உயரத்தைச் சொன்னாள். அவர் முற்றத்தில் இறங்கியதும் மறுபடி கூப்பிட்டாள்.

"அகலத்த மட்டும் ரெண்டு பேருக்குப் பாத்துச் சொல்லுங்க அண்ணா. அவரு வராட்டாலும் நான் வருவேன்லா."