எழுந்து உட்கார்ந்த இளவரசன்

பிரிக்பீல்ட்ஸில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில், இலக்கியம் மண்டையில் ஏற வேண்டுமென்றால் பிள்ளைகள் நாடகம் போட வேண்டும் என்பார் வெள்ளைக்கார ஆசிரியர். அவரே எழுதிய நாடகத்தில், கடைசிக் காட்சியில் சாகும் இளவரசன் நான். திரை விழும்வரை விரல்கூட அசையக் கூடாது. பிணத்துக்கு எதற்கு இத்தனை ஒத்திகை என்று எரிச்சலாக வரும்.

நாடகத்தன்று அம்மா ரயில்வே குடியிருப்புப் பெண்களோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. மேடையில் என்னைக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நம் வீடுகளில் பிணத்தின் தலைமாட்டில்தான் விளக்கு வைப்பார்கள் என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? குளிர்காய்ச்சலில் என் தம்பி போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"என் ராசா, எந்திரிய்யா!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அலறினாள்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கூடமே சிரித்தது. ஆசிரியர் திரையை இழுத்து மூடினார்.

அம்மா என்னை வீட்டு வாசலில் நிறுத்தி, சுடுகாட்டிலிருந்து வந்தவனுக்கு ஊற்றுவதுபோல் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

"உன்னாலதாம்மா என் மானமே போச்சு!" என்று கத்தினேன்.

அவள் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

"போனா போவுதுய்யா. நீ கூப்பிட்டதும் எந்திரிச்சிட்ட. உன் தம்பியையும் இப்படித்தானே கூப்பிட்டேன்."