விளக்குமாறு படாத முடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஒரு நாள் வரை என் முடியில் கத்தரி பட்டதில்லை.

பேரன் கல்யாணத்துக்கு முதல் நாள், சவுரி வைத்துக் கொண்டையைப் பெரிதாக்கிக்கொள்ள பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு சலூனுக்குப் போனேன். சம்பந்தியம்மாவுக்குக் கூந்தல் கொத்தாக இருக்கும். அவர் முன்னால் என் எலிவாலோடு நிற்க மனம் வரவில்லை.

முடிவெட்டுகிற பெண்ணுக்குப் பெரிய மூக்குத்தி, ஆண்பிள்ளை கிராப். தரையில் கிடந்த முடியைக் குனிந்து கையாலேயே அள்ளிக்கொண்டிருந்தாள்.

"விளக்குமாறு இல்லையா?" என்றேன்.

"தலையில இருந்தது ஆன்டி. அதுல விளக்குமாறு படலாமா?"

பிறகு என் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். "சவுரி வேணாம் ஆன்டி. அது இழுத்து இழுத்து இருக்கறதும் கொட்டிப்போகும். கழுத்தோட வெட்டிருவோம், அடர்த்தியா தெரியும்லா."

பின்னலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "என் புருஷன் செத்தப்பகூட இதுல யாரும் கை வைக்கல, தெரியுமா?"

"நீளம் வேணுமா, அடர்த்தி வேணுமா? நீங்களே சொல்லுங்க."

அடர்த்தி என்று வாய் சொல்லிவிட்டது. கத்தரிச் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் வேறு யாரோ, தலை நிறைய வெள்ளை முடியோடு.

வெட்டிய பின்னலை இரண்டு கையாலும் என் மடியில் வைத்தாள். உதிர்ந்த முடிக்கு அத்தனை மரியாதை கொடுப்பவள், என் நீளத்தை எப்படி ஒரே வெட்டில் வெட்டினாள்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மண்டபத்தில் சம்பந்தியம்மா என் தலையையே பார்த்து, "என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?" என்று கேட்டார். பேத்தி, இதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டம்மா. அவர் எண்ணெயைப் பற்றிக் கேட்ட இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வாசி.