நாலு பக்கமும் வெட்டிய மேசை

தூசு துடைக்கும்போதெல்லாம் விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடும். மேசையின் நான்கு ஓரங்களிலும் ஒரு சாண் நீளத்துக்கு, சாய்வாக, உளியால் வெட்டிய பள்ளங்கள். என் மகள் அதில் போனைச் சாய்த்துவைத்துப் படம் பார்க்கிறாள். அதற்கென்றே செய்ததாக நினைக்கிறாள் போலும்.

யுத்த காலம். எனக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை, வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருப்பு. யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல் சித்தப்பாவின் வலக்கையை மணிக்கட்டோடு கொண்டுபோயிருந்தது. ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாட அவருக்கெதிரே இருக்க ஆட்கள் பயப்படுவார்களாம். கொழும்பிலோ சீட்டுக்கட்டைக் கண்டாலே எழுந்து அறைக்குள் போய்விடுவார். விரித்துப் பிடிக்க ஒரு கை, உருவிப் போட ஒரு கை வேண்டுமே. நாளடைவில் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. கடல் அத்தனை அருகில் இரைந்தும் யன்னலைத் திறக்கவில்லை.

“இந்த மனிசனை நான் வெளியிலை இருத்திக் காட்டுறன்” என்றா சித்தி. படிப்பித்தது கணக்கு, உளி பிடித்துப் பழக்கமில்லை. கீழ்வீட்டு முஸ்லிம் நானா, தான் வேலைசெய்த ஒருகொடவத்தைச் சரக்கு ஸ்ரோர்சிலிருந்து பெட்டிப் பலகைகள் கொண்டுவந்து கொடுத்தார். சித்தி மேசை அடித்து, சித்தப்பா இருக்கவேண்டிய பக்கத்தில் சீட்டு நிறுத்த ஒரு பள்ளம் வெட்டினா. உளி வழுக்கி இடது முனையில் ஒரு சில்லு பெயர்ந்தது. சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபோதும், நிமிராமல் “மேசய” என்று மட்டும் சொன்னா.

சித்தப்பா வந்து பார்த்தார். “என்ரை பக்கத்திலை மட்டும் ஏன் வெட்டு? கையில்லாதவன் இருக்கிற இடமெண்டு ஊருக்குக் காட்டவோ?” கதவை அறைந்து சாத்தினார்.

சித்தி அழவில்லை, கதவைத் தட்டவுமில்லை. மறுபடி உளியை எடுத்தா. மூன்று நாள் வீடெல்லாம் மரத்தூள், சோற்றிலும் மரத்தூள். ஞாயிறு பின்னேரம் நானாவையும் என்னையும் இருத்தி, நாலாவது கதிரையை வெறுமையாக விட்டு, அறைக்குள் கேட்கும்படி சொன்னா:

“இந்த மேசையிலை இனி ஆரும் கையிலை சீட்டுப் பிடிக்கேலாது. பிடிச்சால் ஆட்டம் தோல்வி.”

“அப்ப என்ட ரெண்டு கையையும் என்ன செய்ற, தங்கச்சி?”

“தேத்தண்ணி குடியுங்கோ, நானா.”

நானாவின் சீட்டுகள் சரிந்தன. நிறுத்தினார்; மறுபடி சரிந்தன. அறைக்கதவு எப்போது திறந்ததோ, சித்தப்பா நிலையில் சாய்ந்து நின்றார். “சீட்டு வடிவா நிக்குது, நானா. நீங்கள்தான் விழுறியள்.” சொல்லிக்கொண்டே வந்து வெறுங்கதிரையில் இருந்தார். எட்டுச் சீட்டும் அவர் முன்னால் விரிந்து நின்றன. இடக்கையால் ஒன்றை உருவி ஓங்கி அடித்தார். தேத்தண்ணி சிந்தியது. “பிள்ளை, துரும்புச் சீட்டை வைச்சு அடைகாக்கிறியோ? இறக்கு!”

சித்தியும் சித்தப்பாவும் இப்போது இல்லை. நேற்று, போனை எடுத்துவிட்டு மகள் கேட்டாள், சின்னத் தாத்தா எந்தப் பக்கம் இருந்தவர் என்று. சில்லு பெயர்ந்த பள்ளத்தைத் தேடி ஓரமெல்லாம் விரலை ஓட்டினேன். நான்கிலும் இருந்தது. இடது முனையில், ஒரே அளவில்.

“எந்தப் பக்கமெண்டாலும் இரு” என்றேன், சீட்டைக் கலைத்துக்கொண்டு.