நாற்பத்துமூன்று முதுகுகள்

உரும்பிராயில் வந்து சிவசுப்பிரமணியம் வீடு எது என்று கேட்டால் ஒருத்தரும் வழி சொல்லமாட்டார்கள். செடில் மணியம் என்று கேட்டுப் பாருங்கள், கைக்குழந்தைகூடக் கையை நீட்டும். மனுசன் வெங்காயத் தோட்டக்காரர்தான். ஆனால் பேர் எடுத்தது வெங்காயத்தால் இல்லை. முருகன் கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவர்களின் முதுகில் கொக்கி முள்ளை, அதுதான் செடிலை, ஏற்றுகிறவர் அவர். இருபத்தேழு வருசமாக அவர்தான். குத்தினது தெரியாது, பார்த்தால் முள் முதுகில் இருக்கும். அப்படி ஒரு கை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் முருகனே கோவிப்பான்.

போன வைகாசியில் சுகாதாரப் பணிமனையிலிருந்து நிரோஜா என்றொரு பிள்ளை ஒரு கட்டுப் படிவத்தோடு ஊருக்குள் வந்தாள். வளர்ந்த ஆட்களிடம் வீடு வீடாகக் கேள்வி. கேட்டு முடிய, பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தம். முதல் வீட்டில் அவள், "ஈரல் அழற்சி இருந்ததோ அம்மா?" என்று கேட்க, "நாங்கள் சைவம் பிள்ளை, ஈரல் எல்லாம் தொடமாட்டம்" என்று பதில் வந்ததாம். அதோடு படித்த தமிழை மூட்டை கட்டிவிட்டு, "செங்கமாரி வந்ததோ?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். மஞ்சள் காமாலைக்கு ஊரில் அதுதான் பேர். இரத்தம் ஏற்றினதோ, பச்சை குத்தினதோ, இன்னொருவர் பாவித்த பிளேட்டால் சவரம் செய்ததோ என்றெல்லாம் கேட்கும்போது சனம் கொட்டாவி விடும். "செடில் குத்தினதோ?" என்றதும் நிமிர்ந்து இருக்கும்.

"ஓம், மணியண்ணை குத்தினவர்."

எல்லா வீட்டிலும் இதே பதில். அடுத்த தோட்டத்துக் கேதீஸ்வரன் ஓடிவந்து மணியத்தாரிடம் சொன்னார்: "அண்ணை, உங்கடை பேரை வீட்டுக்கு வீடு எழுதுறாள். ஏதோ கௌரவிப்புப் போலை கிடக்கு."

எங்கள் ஊரைப் பற்றித் தெரியும்தானே. ஒரு வேலையைப் பத்து வருசம் விடாமல் செய்தவனுக்குப் பொன்னாடை போர்க்காமல் விடமாட்டோம். மணியத்தாரும் நம்பிவிட்டார். வேட்டியை ஸ்திரி போடக் கொடுத்தார். "பொன்னாடை போர்க்கிறவை இரத்தம் எடுக்கிறேல்லை" என்று மனைவி அருந்ததி சொன்னது காதில் ஏறவில்லை.

நிரோஜா வந்தபோது அவர் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வாசலில் நின்றார்.

"ஐயா, நீங்கள் செடில் குத்தின ஆக்கள் இந்த ஊரிலை நாற்பத்திமூண்டு பேர்."

"ஐம்பது எண்டு போடுங்கோ பிள்ளை. கேக்க நல்லா இருக்கும்."

அவள் சிரித்தாள். "செடிலை என்னெண்டு துப்பரவாக்கிறனீங்கள்?"

"தேசிக்காய்ப் புளியிலை ஊறப்போட்டு, திருநீறு போட்டுத் தேய்ச்சா பளிச்செண்டு வரும்."

"ஒராளுக்குக் குத்தினதை மற்ற ஆளுக்கும் குத்துறனீங்களோ?"

"அதே பெட்டிதான். ராசியான செடில்."

"அவிக்கிறேல்லையோ ஐயா?"

"அவிக்கிறதோ? உது என்ன, மரவள்ளிக் கிழங்கோ?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ஹெப்பற்றைற்றிஸ் பி என்று ஒரு கிருமி, இரத்தத்தால் தொத்துவது, காய்ந்த இரத்தத்தில்கூட ஒரு கிழமை, ஏழு நாளும், உயிரோடு கிடக்கும், எலுமிச்சம் புளிக்கும் திருநீற்றுக்கும் அசையாது, வருசக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்னும் என்று ஆற அமரச் சொன்னாள். "நான் குத்தினால் ஒரு சொட்டு இரத்தம் வராது" என்றார் மணியத்தார்.

"கண்ணுக்குத் தெரியாத அளவே போதும் ஐயா. உங்கடை விரலிலை முள்ளு ஏறினதில்லையோ?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொரு திருவிழாவிலும் இரண்டு மூன்று தரம் ஏறும். வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த முதுகுக்குப் போய்விடுவார். கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்.

முடிவு வர இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் மனுசன் அரை ஆளாகிப் போனார். சோறு இறங்கவில்லை. "ஆரையும் கெடுத்துப்போட்டனோ அருந்ததி? பக்தியிலை முதுகு காட்டின பிள்ளையளுக்கு நோயைக் குடுத்திட்டனோ?" என்று கிணற்றடியில் நின்று அழுதார். கடைத்தெருவில் ஆரைக் கண்டாலும் கண் மஞ்சளாய் இருக்கிறதோ என்று குனிந்து உற்றுப் பார்ப்பார். "என்ன அண்ணை, என்னிலை ஏதும் காதலோ?" என்று கேதீஸ்வரன் கேட்டார். மற்ற நேரமென்றால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

ஒரு புதன்கிழமை பணிமனைக்கு வரச் சொன்னார்கள். அருந்ததியும் கூடப் போனாள்.

"இருங்கோ ஐயா" என்றாள் நிரோஜா.

"நிக்கிறன். சொல்லுங்கோ."

"உங்கடை இரத்தத்திலை கிருமி இருக்கு."

"மற்ற ஆக்களுக்கு?"

"ஆர் ஆருக்கு என்னெண்டு நான் சொல்லக்கூடாது ஐயா."

"பேர் வேண்டாம் பிள்ளை. எத்தினை பேருக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் குத்தின நாற்பத்திமூண்டு பேரிலை ஒருத்தருக்கும் இல்லை."

மணியத்தார் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது, பின்னால் சிரிப்பு வந்தது. "எனக்கு மட்டுந்தானே? எனக்கு மட்டுந்தானே?" என்று ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு இப்படிச் சந்தோசப்பட்ட ஒருவரை நிரோஜா கண்டதில்லை. எங்கிருந்து தொத்தியது என்று சொல்ல முடியாது, ஈரல் நல்லாய் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும், சேர்ந்திருந்து சாப்பிட்டால் தொத்தாது என்றாள். அருந்ததிக்குக் கிருமி இல்லை, மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியைக் கண்டதும் அருந்ததி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். ஊர் முதுகெல்லாம் துளை போட்டவரின் பெண்சாதி!

"குத்தியாச்சோ?"

"எப்பவோ குத்தியாச்சு அம்மா."

"உங்கடை கையை விடத் திறமான கை" என்று புருசனுக்குச் சொன்னாள். அவர் அதையும் ஒப்புக்கொண்டார்.

பழைய செடில் பெட்டியை நிரோஜாவிடமே கொடுத்து அழிக்கச் சொன்னார். பிறகு ஊர் முழுக்கத் தானே சொல்லித் திரிந்தார். "எனக்கு இருக்கு, என்னாலை உங்களுக்கு வரேல்லை. இனி ஒருத்தரின்ரை முள்ளு மற்றவரின்ரை முதுகிலை ஏறக்கூடாது." இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவனை ஊர் என்ன செய்யும்? இரண்டு பேர் ஒதுங்கிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்கள்.

திருவிழா வந்தது. ஆளுக்கொரு புதுச் செடில், அவித்துக் கட்டின பொதியாக. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கோபிசங்கர் ஆளுக்கொரு சோடி கையுறை மாற்றி மாற்றிக் குத்தினான். பொதி பிரிக்கிறதைப் பார்ப்பது மட்டுந்தான் மணியத்தாரின் வேலை. அது முடிய, கை சும்மா இருந்தது.

"அண்ணை, இருபத்தேழு வருசத்திலை நீங்கள் எப்ப காவடி எடுத்தனீங்கள்?" என்றார் கேதீஸ்வரன்.

உண்மைதான். ஒரு தரமும் இல்லை. மற்றவர்களுக்குக் குத்தி முடியவே திருவிழா முடிந்துவிடும்.

செடில் இல்லாத ஒரு காவடியைத் தோளில் வைத்துவிட்டார்கள். மேளம் ஒரு பக்கம் போக மணியத்தார் ஒரு பக்கம் ஆடினார். வீதியே விழுந்து விழுந்து சிரித்தது. அருந்ததி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே நடந்தாள். "தாளத்தைப் பிடியுங்கோ அண்ணை" என்று யாரோ சொன்னார்கள். அவர் தாளத்தைக் கவனிக்கவில்லை. முன்னால் வேர்த்து வழிந்துகொண்டு போன முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஆடினார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.